பிள்ளையின் கார் ஆசனம்: யார் பூட்டித் தருவார்?

பசறைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: கட்டாரிலிருந்து நானா கொண்டுவந்து கொடுத்த குழந்தை ஆசனம் பெட்டி பிரிக்காமல் அலுமாரியின் மேல் இருக்கிறதாம். பிரசவத்துக்கு ஒரு மாதம்தான் உண்டு. அதை யாரிடம் கொடுத்துப் பூட்டுவது? மாமியோ, "நாங்கள் ஏழு பிள்ளையையும் மடியில் வைத்துத்தானே கொண்டு வந்தோம், இது எதற்கு வீண் செலவு?" என்கிறார்களாம்.

மாமி சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அன்று பதுளை வீதியில் வாகனங்களும் குறைவு, வேகமும் குறைவு. இன்று மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், 5 கிலோ எடையுள்ள பிள்ளை ஏறத்தாழ 100 கிலோ பாரமாக முன்னால் இழுபடும். இரண்டு மூட்டை அரிசியை எந்தத் தாயின் கை பிடித்து நிறுத்தும்? தன் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டிக்கொள்வது அதைவிட ஆபத்து; தாயின் உடற்பாரமே பிள்ளையை நசுக்கிவிடும். சரியாகப் பயன்படுத்தும் ஆசனம் கைக்குழந்தைகளின் உயிரிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

ஊவா வீதிகளைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 மார்ச் 20 அன்று லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்ததையும், 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் நடந்ததையும் யார் மறப்பார்கள்? முன் ஆசனத்தில் பெல்ட் போடுவது 2011 முதல் கட்டாயம். அதனால் பொலிஸைக் கண்டதும் முன்னால் இருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பின்னால் மடியில் இருக்கும் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?

இனி உதவிக்கு வருவோம். அமெரிக்காவில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் 1990களின் பிற்பகுதி முதல் இருக்கிறார்கள். ஆசனத்தைக் கொண்டுபோனால் பூட்டிக் காட்டி, தாயையும் பூட்டிப் பழகச் சொல்வார்கள். நமக்குப் பக்கத்து உதவி என்றால் கராஜ் பாஸ்தான். ஆனால் அவரிடம் கேட்க வேண்டியது வேறு. ஆசனத்தில் துளை போடுவதோ, ஆணி அடிப்பதோ, கம்பியால் கட்டுவதோ கூடவே கூடாது. பின் இருக்கை பெல்ட் வேலை செய்கிறதா, சடுதியாக இழுத்தால் இறுகுகிறதா, சீட் கவருக்குள் புதைந்துபோன பூட்டை வெளியே எடுத்துத் தரமுடியுமா என்றே கேட்க வேண்டும். பழைய வேன்கள் பலவற்றில் இடுப்புக்கு மட்டும்தான் பெல்ட் இருக்கும். பெரும்பாலான ஆசனங்களுக்கு தோளுக்கும் வரும் பெல்ட் வேண்டும்.

பூட்டுவதை வீட்டிலேயே செய்யலாம், இருவர் வேண்டும். ஒருவர் முழங்காலால் ஆசனத்தை அழுத்த, மற்றவர் பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். பெட்டியிலுள்ள கையேட்டை, ஆங்கிலம் தெரிந்த மகளையோ பக்கத்து வீட்டு ஆசிரியையையோ வைத்து வரி விடாமல் வாசியுங்கள். ஐரோப்பிய முறைப்படி செய்த பல ஆசனங்களில், பிள்ளை பின்பக்கம் பார்க்கும்போது பெல்ட் போகும் வழி நீல நிறத்திலும், முன்பக்கம் பார்க்கும்போது சிவப்பிலும் காட்டப்பட்டிருக்கும். கைக்குழந்தை எப்போதும் பின்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும். ஒரு வயதானதும் திருப்பிவிட அவசரப்பட வேண்டாம், ஆசனம் தாங்கும் எடைவரை அப்படியே விடுவது நல்லது. கிளினிக் புத்தகத்தில் குறித்திருக்கும் எடை இதற்கும் உதவும். காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் இதை வைக்கவே கூடாது. அந்தப் பை வெடித்து விரியும்போது அடி நேரே பிள்ளையின் தலைப்பக்கம் விழும்.

பூட்டியபின், பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் திரும்பப் பூட்டுங்கள். பிள்ளையின் தோள்வாரை விரல்களால் கிள்ளி மடிக்க முடியக் கூடாது. பண்டாரவளைக் குளிருக்குத் தடித்த சுவெட்டரைப் போட்டுக் கட்டினால் வார் இறுகியது போலத் தெரியும், உள்ளே தளர்வாகத்தான் இருக்கும். மெல்லிய உடுப்போடு கட்டி, மேலே போர்வையைப் போடுங்கள். பச்சைப் பிள்ளையின் தலை முன்னால் சாய்ந்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுத் திணறும், ஆகவே சாய்வையும் கவனிக்க வேண்டும். கொழும்புப் பயணமென்றால் இடையிடையே நிறுத்தி வெளியே எடுக்கத்தான் வேண்டும்.

ஆண்கள் பூட்டட்டும் என்று ஒதுங்கிவிடாதீர்கள். தினமும் பிள்ளையை ஏற்றி இறக்குவது நீங்கள்தானே! பிரசவத்துக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், ஒரு பொம்மையை வைத்துப் பழகுங்கள். யாரோ பாவித்துத் தந்த ஆசனமாயின், விபத்தில் பட்டதா என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

மடுல்சீமை, நமுனுகலைத் தோட்டப்பக்கங்களில் காரேது, முச்சக்கர வண்டிதானே என்பீர்கள். உண்மைதான். அதில் ஆசனத்தைக் கட்ட வழியில்லை. பின்னால் நடுவில் அமர்ந்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, மெதுவாகப் போகச் சொல்வதைத் தவிர வேறு செய்வதற்கில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளுக்கும், நாற்பது கழிந்து உம்மா வீட்டுக்குப் போகும் நாளுக்கும் வாகனம் பேசத்தானே போகிறீர்கள்? அப்போது வாடகையைக் கேட்குமுன், பின் சீட்டில் தோள் பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள்.