மக்களுக்கு அறிவியல் தெரியாது என்பவர்களுக்கு

ஓர் ஆய்வுக்கூடத்தையோ அணு உலையையோ தடுப்பூசியையோ மக்கள் எதிர்த்தால், மறுநாளே ஒரு விளக்கம் தயாராகிவிடுகிறது: மக்களுக்கு அறிவியல் தெரியவில்லை, அதனால் பயப்படுகிறார்கள், எளிய மொழியில் எடுத்துச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். துணைவேந்தர்கள் இதைச் சொல்கிறார்கள். நாளிதழ்த் தலையங்கங்கள் சொல்கின்றன. அறிவியல் எழுதும் நண்பர்களும் சொல்கிறார்கள். பிரிட்டனின் ராயல் சொசைட்டி 1985இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மக்களுக்கு அறிவியலைப் புரியவைப்பது விஞ்ஞானிகளின் கடமை என்றது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் அடியில் ஓர் அனுமானம் இருந்தது: அவநம்பிக்கைக்குக் காரணம் அறியாமை, அதற்கு மருந்து தகவல். நாற்பது ஆண்டுகளாக இந்த அனுமானம் பரவிவருகிறது. இது தவறு என்பதோடு, அறிவியலுக்கே கேடு செய்கிறது என்றும் நினைக்கிறேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், ஆய்வுலகத்தைத் தாங்கி நிற்கும் நெறிகள் நான்கு என்று 1942இல் எழுதினார். ஒரு கூற்றை யார் சொன்னார் என்று பார்க்காமல் ஆதாரத்தைப் பார்க்க வேண்டும். கண்டறிந்தது எல்லோருக்கும் பொது, அதை மறைக்கக் கூடாது. சொந்த லாபம் தீர்ப்பில் நுழையக் கூடாது. எவருடைய முடிவாக இருந்தாலும் துருவிக் கேட்க வேண்டும். ஒரு நல்ல ஆய்வுக் கருத்தரங்கில் உட்கார்ந்து பார்த்தால் இவை நான்கும் நடைமுறையில் இருப்பது தெரியும். அளவீட்டில் பிழை வரம்பு எவ்வளவு, கணக்கில் எதை அனுமானித்தீர்கள், அந்த அனுமானம் இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று ஒருவரை ஒருவர் விடாமல் கேட்பார்கள். அப்படிக் கேட்கும் அதே விஞ்ஞானி ஒரு கிராமத்து மேடையில் ஏறியதும், "துளிகூட ஆபத்து இல்லை" என்கிறார். பிழை வரம்பு எங்கே போயிற்று? தங்களுக்குள் கடைப்பிடிக்கும் நெறியை மக்கள் முன்னால் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மக்கள் இதைக் கவனித்துவிடுகிறார்கள். அவநம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதியில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். செர்னோபில் உலை 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்தது. கதிரியக்க மேகம் பிரிட்டனை அடைந்தபோது கம்ப்ரியாவிலும் வட வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் கனமழை பெய்துகொண்டிருந்தது. அதிலிருந்த சீசியம் என்ற கதிரியக்கத் தனிமம் மழையோடு மேய்ச்சல் நிலங்களில் இறங்கியது. உடல்நலத்துக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று அரசு அறிவித்தது. ஜூன் 20ஆம் தேதி அதே அரசு, கம்ப்ரியாவிலும் வட வேல்ஸிலும் செம்மறியாடுகளை இடம் மாற்றவும் வெட்டவும் தடை விதித்தது. மூன்று வாரம்தான், அதற்குள் ஆடுகளின் உடலிலிருந்து சீசியம் வெளியேறிவிடும் என்றார்கள் விஞ்ஞானிகள். மூன்று வாரம் முடிந்தபோது அளவு குறையவில்லை. தடை காலவரையின்றி நீண்டது. நாடு முழுக்கக் கணக்கிட்டால் 9,000க்கும் மேற்பட்ட பண்ணைகளும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

கணக்கு பிசகியது மண்ணில். சமவெளிக் களிமண், சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். புல்லின் வேருக்கு விடாது. விஞ்ஞானிகளின் கணிப்பு அந்த மண்ணில் நடந்த ஆய்வுகளை நம்பியது. கம்ப்ரியாவின் மலை மண் வேறு வகை: மக்கிய தாவரங்கள் மண்டிய, அமிலத் தன்மை கொண்ட மண். அதில் சீசியம் கட்டுப்படாமல் புல்லுக்கு ஏறி, புல்லிலிருந்து ஆட்டுக்குப் போய், கழிவாக மறுபடி மண்ணுக்கே வந்து சுற்றிக்கொண்டிருந்தது. பிழை நேர்வது அறிவியலில் இயல்பு. அதை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது. மூன்று வாரம் என்பது வேறு மண்ணில் செய்த ஆய்வை வைத்துப் போட்ட கணக்கு என்பதை அன்றே சொல்லாமல் விட்டதுதான் குற்றம்.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் வின், அந்த ஆட்டுப் பண்ணையாளர்களிடம் நீண்ட நேர்காணல்கள் எடுத்து எழுதினார். அவற்றைப் படிக்கும்போது கோபம் வருகிறது. மலையை விட்டு இறக்கி, அடிவாரப் பள்ளத்தாக்கில் ஆடுகளை வைத்திருங்கள் என்று அதிகாரிகள் யோசனை சொன்னார்கள். அடிவாரப் புல் குளிர்காலத் தீவனத்துக்கு வேண்டியது, இப்போதே மேய்ந்து தீர்த்தால் பனிக்காலத்தில் ஆடு என்ன தின்னும் என்று பண்ணையாளர்கள் கேட்டார்கள். வைக்கோல் போடலாமே என்றார் ஒரு நிபுணர். மலை ஆடு வைக்கோலைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது அங்கே சிறுவர்களுக்கும் தெரியும். சீசியத்தை உறிஞ்சும் பெண்டோனைட் களிமண்ணை நிலத்தில் தூவி, ஆடுகளை மலைமேலேயே பட்டியில் அடைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். திறந்தவெளியில் திரிந்து பழகிய ஆட்டை அடைத்தால் மெலிந்துபோகும், அந்தச் சோதனையில் எதுவும் தேறாது என்று பண்ணையாளர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னபடியே நடந்தது, சோதனை கைவிடப்பட்டது. நம் ராமநாதபுரத்தில் ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவரிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றையும் அவர்கள் எழுப்பினார்கள். அந்த மலைகளுக்கு அருகில்தான் செல்லாஃபீல்ட் அணு வளாகம் இருக்கிறது. அதன் பழைய பெயர் விண்ட்ஸ்கேல். 1957 அக்டோபரில் அங்கே உலை தீப்பிடித்தது. சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலையெல்லாம் கொட்டச் சொன்னார்கள். அந்த விபத்தின் விசாரணை அறிக்கையை முழுமையாக வெளியிடாமல் அன்றைய பிரதமர் மேக்மில்லன் தடுத்துவைத்தார். அது 1988இல்தான் வெளியே வந்தது. இதையெல்லாம் வாழ்ந்து பார்த்தவர்கள் கேட்டார்கள்: இந்தச் சீசியம் முழுக்கச் செர்னோபிலிலிருந்துதான் வந்ததா? 1986க்கு முன் எடுத்த அளவீடுகளைக் காட்டுங்கள். விஞ்ஞானிகள் செர்னோபில்தான் என்று அடித்துச் சொன்னார்கள். பின்னர் வெளிவந்த மதிப்பீடுகளின்படி அதில் ஏறக்குறைய பாதிதான் செர்னோபிலைச் சேர்ந்தது. மீதி, பழைய அணு ஆயுதச் சோதனைகளிலிருந்தும் 1957 தீ விபத்து போன்றவற்றிலிருந்தும் வந்திருந்தது.

முன் தரவைக் கேட்பது, அனுமானம் இந்த மண்ணுக்குப் பொருந்துமா என்று பார்ப்பது, எவர் சொன்னாலும் துருவிக் கேட்பது, இவையெல்லாம் மெர்ட்டன் எழுதிய நெறிகள்தாமே? அங்கே அவற்றைக் கடைப்பிடித்தவர்கள் ஆடு வளர்ப்பவர்கள். கடைசிப் பண்ணைகளின் மீதிருந்த தடை 2012இல் நீங்கியது. மூன்று வாரம் என்றது 26 ஆண்டு ஆயிற்று. இந்த மக்களிடம் போய், உங்களுக்கு அறிவியல் தெரியாததால்தான் எங்களை நம்பவில்லை என்று சொல்ல எவருக்கு உரிமை இருக்கிறது?

அடுத்து, இத்தாலியின் லாக்குயிலா. பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று விஞ்ஞானிகளை ஜெயிலில் போடப் பார்த்தார்கள், பாருங்கள் மக்களின் அறியாமையை என்று இன்றும் பலர் உதாரணம் காட்டுகிறார்கள். வழக்கு அதைப் பற்றியதே அல்ல. 2009இன் தொடக்கத்திலிருந்து அந்த ஊரில் சிறு நடுக்கங்கள் வந்தபடி இருந்தன. மார்ச் 31 அன்று நிபுணர் குழு கூடியது. பெரிய பூகம்பம் வர வாய்ப்பு குறைவு, ஆனால் வராது என்று சொல்ல முடியாது என்பது உள்ளே விஞ்ஞானிகள் பேசியதன் சாரம். குடிமக்கள் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் வெளியே தொலைக்காட்சியிடம் சொன்னது வேறு: சிறு நடுக்கங்களால் ஆற்றல் வெளியேறுகிறது, இது நல்லதுதான், ஆபத்து இல்லை என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். அப்படியானால் ஒரு கோப்பை ஒயின் குடித்து நிம்மதியாக இருக்கலாமா என்று நிருபர் கேட்டதற்கும் ஆமாம் என்றார். அதை மறுத்து, நாங்கள் அப்படிச் சொல்லவில்லை என்று மக்களிடம் பேச விஞ்ஞானிகள் எவரும் முன்வரவில்லை. நடுக்கம் வந்தால் இரவு வெட்டவெளியில் தங்குவது அந்த ஊரின் பழைய வழக்கம். ஏப்ரல் 5 இரவு நடுக்கம் வந்தபோது, அந்தப் பேச்சை நம்பிப் பல குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே படுத்தன. அதிகாலை 3.32க்கு வந்த பூகம்பத்தில் 309 பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் 2012இல் அந்த அதிகாரியும் விஞ்ஞானிகளுமாக ஏழு பேருக்கும் ஆறாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலையானார்கள். அந்த அதிகாரிக்கு மட்டும் இரண்டாண்டுத் தண்டனை நிலைத்தது. அந்த விடுதலை சரியென்றே நானும் கருதுகிறேன். ஆனால் சட்டப்படி குற்றமில்லை என்பதால் அவர்களின் மௌனம் நியாயமாகிவிடாது.

நம் ஊருக்கு வருவோம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கமும் 50,000 டன் இரும்புக் கருவியும் அமைத்து, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்த ஆய்வின் மீது எனக்கு மதிப்பு உண்டு. காற்றுமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று, 1965இல், நம் கோலார் தங்கச் சுரங்கம். நியூட்ரினோ தீங்கற்றது, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் கோடிக்கணக்கில் ஒவ்வொரு நொடியும் நம் நகத்தளவு இடத்தைக் கடந்துபோகின்றன. அதிலிருந்து கதிர்வீச்சு பரவும், அணுக்கழிவைக் கொண்டுவந்து புதைப்பார்கள் என்று மேடைகளில் பேசியவர்கள் பொய்யைப் பரப்பினார்கள். அதை மன்னிக்க முடியாது.

ஆனால் கேள்விகள் அவை மட்டும் இல்லை. லட்சக்கணக்கான டன் பாறையை வெடி வைத்து எடுத்தால் மலைக்கும் நீருக்கும் என்ன ஆகும்? மேய்ச்சலுக்குப் போகும் வழி அடைபடுமா? காட்டு விலங்குகளின் தடம் என்ன ஆகும்? இவை வெடி, நீர், காடு, உரிமை பற்றிய கேள்விகள். கூட்டங்களில் அதிகம் கிடைத்த பதிலோ நியூட்ரினோ துகள் பற்றிய பாடம். இதற்கிடையில், சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பதும், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதைக் கணக்கில் கொள்ளாமல் அனுமதி பெறப்பட்டது என்பதும் பசுமைத் தீர்ப்பாயத்தில் எடுபட்டன. 2017இல் அந்த அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்த்தவர்களின் இயற்பியல் பிழை. நடைமுறை பற்றி அவர்கள் கேட்டது சரி. முதலாவதை மட்டும் எடுத்துப் பேசி, இரண்டாவதை விட்டுவிடுவது நேர்மையா? மத்திய அரசு 2018இல் மறுபடி அனுமதி வழங்கியது. புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டி, அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

தடுப்பூசி எதிர்ப்பு வெறும் அறியாமைதானே என்று கேட்பார்கள். தட்டம்மை உள்ளிட்டவற்றைத் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற புரளி கிளம்பிய இடம் எது? லான்செட் என்ற பெருமைமிக்க மருத்துவ இதழ். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை 1998இல் அதில் வந்தது. தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குப் போடும் தரப்பிடம் வேக்ஃபீல்ட் பணம் பெற்றிருந்ததைத் தோண்டி எடுத்தவர் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர். கட்டுரையை இதழ் முழுமையாகத் திரும்பப் பெற 2010 ஆயிற்று. 12 ஆண்டு. தன்னலமின்மை, துருவிக் கேட்டல் என்ற நெறிகளை மீறியது ஆய்வுலகம், பழி பெற்றோர்களுக்கு. அறிவு கூடினால் ஒப்புதல் கூடும் என்ற கணக்கும் தப்பு. அமெரிக்காவில் டான் கஹானும் குழுவினரும் செய்து 2012இல் வெளிவந்த ஆய்வில், அறிவியல் அறிவு கூடுதலாக உள்ளவர்களிடம்தான் பருவநிலை பற்றிய கருத்துப் பிளவு அகலமாக இருந்தது.

நிச்சயமின்மையைச் சொன்னால் மக்கள் மிரள்வார்கள் என்பது விஞ்ஞானிகளின் பயம். மழை வரலாம், வராமலும் போகலாம் என்று பார்த்தே விதைக்கிற விவசாயிக்கு நிச்சயமின்மையைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. உண்மையான தடை வேறு. அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்குள் வேலை செய்யும் விஞ்ஞானி, அரசின் கொள்கையை வெளிப்படையாக விமர்சிக்க முடியாது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். ஊர்க் கூட்டத்தில் செலவழித்த நாள்களை எண்ணுவதில்லை. அவர் மேடைக்கு வரும்போது நிறுவனத்தின் வாயாகத்தான் வருகிறார். அறிவியல் மனப்பான்மையும் கேள்வி கேட்கும் உணர்வும் குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. விஞ்ஞானிகள் மேடைதோறும் அதை நினைவூட்டுகிறார்கள். கேட்ட கேள்வி தங்கள் திட்டத்தைப் பற்றியது என்றாலும் அந்தக் கடமையை அவர்கள் மதிக்க வேண்டும்.

இன்றைய விதிகளின்படி சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தை மாநில மொழியில் தந்தால் போதும். அடுத்த திட்டத்தோடு வரும் விஞ்ஞானிகளே, அதோடு நிற்காதீர்கள். இடத்தை முடிவு செய்யும் முன்பே வாருங்கள். முழு அறிக்கையையும் தமிழில் கொண்டுவாருங்கள். உங்களுக்கு இன்னும் எதுவெல்லாம் தெரியாது என்பதையும் அதில் எழுதித் தாருங்கள்.