பாடாத பெட்டியும் பூட்டிய பாட்டும்

நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூருக்கு ஒரு பெருமை உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை, 2011 செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணா பிறந்த நாளில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது அங்கேதான். காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஷிப்டு மாறி ஷிப்டு உழைக்கும் பெற்றோரின் வீடுகளுக்குள் முதன்முதலாக ஒரு கணிப்பொறி நுழைந்தது அத்திட்டத்தால்தான் என்றால் அது மிகையன்று.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று, நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். இரண்டில் எது நம் வீடுகளில் நிலைத்தது என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? "லினக்ஸா? அதில் பாட்டும் ஓடாது, படமும் ஓடாது" என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிட்டோம். கடைக்காரரிடம் சில நூறு ரூபாய் கொடுத்து லினக்ஸை அழித்துவிட்டு, உரிமமில்லாத விண்டோஸை ஏற்றிக்கொண்டு வந்தவர்களை நம் வகுப்புத் தோழர்களின் அண்ணன், அக்காமாரிடையே இன்றும் காணலாம். இந்தத் தீர்ப்பு தவறானது என்பதே என் வாதம். பெட்டி பாடாததற்குக் காரணம் அதன் திறமைக் குறைவு அன்று. பாட்டின்மேல் வேறெவரோ போட்ட பூட்டு.

பூட்டு எங்கே இருக்கிறது? நம் ஜி.என்.டி. சாலையில் இரவு பகலாகச் செல்லும் கண்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். திரைப்படக் கோப்பும் அப்படித்தான். எம்.பி.4, எம்.கே.வி. என்பவையெல்லாம் வெளிப்பெட்டியின் பெயர்கள். கணிப்பொறித் துறையிலும் அதற்குக் 'கண்டெய்னர்' என்றே பெயர். உள்ளே ஒளியும் ஒலியும் தனித்தனியே இறுக்கிக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. கட்டை அவிழ்க்கும் நிரலுக்குக் 'கோடெக்' என்று பெயர். பெட்டியைத் திறந்துவிட்டு, கட்டை அவிழ்க்கத் தெரியாமல் நிற்கும் கணிப்பொறியில்தான் ஒலி வந்து படம் வராது. அல்லது படம் வந்து ஒலி வராது.

அவிழ்க்கும் வித்தை லினக்ஸ் உலகுக்குத் தெரியாததன்று. ஆனால் எம்.பி.3 முறைக்கு ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் முதலானோர் காப்புரிமை பெற்றிருந்தனர். பிரதிக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டால், யார் வேண்டுமானாலும் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வழங்கப்படும் மென்பொருள் எதை எண்ணிக் கட்டணம் கட்டும்? ஆகவே ஃபெடோரா அதைச் சேர்க்கவே இல்லை. உபுண்டுவோ தனிப் பொதியாக ஒதுக்கி, வேண்டுவோர் பின்னர் நிறுவிக்கொள்க என்றது. அந்தப் 'பின்னர்' நம் வீடுகளுக்கு வரவேயில்லை. ஆனையை வாங்கினோம், அங்குசம் எங்கே கிடைக்கும் என்று எவரும் சொல்லவில்லை.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணிப்பொறி நிரலை நிரல் என்ற அளவில் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. அப்பிரிவைத் தளர்த்த 2004இன் இறுதியில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தில் அத்தளர்வு இடம்பெறவில்லை. அப்படியிருந்தும் அயல்நாட்டுச் சட்டத்துக்கு அஞ்சித் தொகுக்கப்பட்ட மென்பொருளைத்தான் நாமும் இறக்கிக்கொண்டோம். அங்கே போட்ட பூட்டு பொன்னேரி வீட்டுப் பெட்டியிலும் தொங்கியது!

பூட்டை எதிர்கொண்டு வென்றவர்களும் நம்மைப் போன்ற மாணவர்களே. பாரிஸ் நகரின் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996இல், தம் வளாகத்து வலையமைப்பில் காணொளி பார்க்கும் ஆசையால் தொடங்கிய திட்டமே வி.எல்.சி. 2001இல் அது கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ எல்லாக் கோடெக்குகளையும் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், அதை நிறுவிவிட்டால் பெரும்பாலான கோப்புகள் ஓடிவிடும். (அதன் சின்னமான ஆரஞ்சுக் கூம்பு, சாலையில் வைக்கும் அதே கூம்புதான். அம்மாணவர்கள் அவற்றைச் சேகரித்து வைத்திருந்தார்களாம்! நம் சுங்கச்சாவடிக்காரர்கள் கவனிக்க.) 2022இல் வி.எல்.சி.யின் வலைத்தளம் இந்தியாவில் முடக்கப்பட்டுப் பல மாதங்களுக்குப் பின் நவம்பரில்தான் விடுவிக்கப்பட்டது. அப்போதும் லினக்ஸ் பயனர்கள் தத்தம் தொகுப்பின் களஞ்சியத்திலிருந்து அதைப் பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

எம்.பி.3இன் உரிமத் திட்டம் 2017 ஏப்ரல் 23 அன்று முடிவுற்றது. அதோடு தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. பூட்டு கதவு மாறிவிட்டது. இன்றைய கைப்பேசிகள் பல, எச்.இ.வி.சி. என்னும் புதிய முறையில் படம் பிடிக்கின்றன. ஐபோன் 2017 முதலே அப்படி. இதற்கும் காப்புரிமைக் கட்டணம் உண்டு. விண்டோஸிலேயே இதற்கான இணைப்பைச் சிலர் விலை கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது. விண்டோஸில் எல்லாம் ஓடும் என்போர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். அங்கே ஓடுவதற்கான கட்டணம் விலைக்குள் மறைந்திருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

பழைய கதையை இப்போது ஏன் கிளறவேண்டும் என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. பரண்மேல் கிடக்கும் அந்தப் பழைய மடிக்கணினிகள் விண்டோஸ் 11ஐத் தாங்கா. தம்பி தங்கையர் அவற்றைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த எஞ்சியிருக்கும் வழி லினக்ஸ் ஒன்றே. இதற்கிடையே, இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. பெட்டி பாடுமா, பாடாதா என்பதே அந்த வீடுகளில் மீண்டும் லினக்ஸின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும்.

ஒலி வராதபோது பலரும் கோடெக்கையே குறைகூறுவர். பாதி வேளையில் குற்றவாளி அதுவன்று. ஒலி அட்டையோடு பேசுவது ஆல்சா; பல நிரல்களின் ஒலியைப் பங்கிட்டு அனுப்புவது பல்ஸ் ஆடியோ, இப்போது பைப்வயர். ஒலி, ஸ்பீக்கருக்குப் போகாமல் எச்.டி.எம்.ஐ. வழியே இல்லாத தொலைக்காட்சிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அமைப்புகளில் வெளியீட்டை மாற்றினால் போதும். அல்லது ஆல்சாமிக்ஸரைத் திறந்து பாருங்கள்: 'எம்எம்' என்று இருந்தால் வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எம் விசையை ஒருமுறை அழுத்துங்கள். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் ஒலி அட்டைக்கென்று தனி ஃபர்ம்வேர் வேண்டும். 2023இல் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவும் வட்டிலேயே சேர்ந்து வருகிறது. உபுண்டு நிறுவுகையில் மூன்றாம் தரப்பு மென்பொருள் பற்றி ஒரு கட்டம் கேட்கும். அதில் குறியிடத் தவறாதீர்கள். பழைய பெட்டியில் யூடியூப் திணறினால் அது கண்பார்வைக் கோளாறன்று, மூச்சிரைப்பு. படத்தை 480 அளவிற்குக் குறையுங்கள்.

இவ்வளவையும் கற்றுத்தர இரண்டு மணி நேரம் போதும். முதலாமாண்டு மாணவர்க்கு, கலைப்பிரிவு, அறிவியல்பிரிவு என்ற பேதமின்றி, நம் கணினி ஆய்வகத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலை ஒதுக்கலாகாதா? பரண்மேல் இருப்பதையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் அது ஒரு சுமையே அன்று. ஆசிரியர்கள் பதிவுசெய்து அனுப்பும் பாடங்களைப் பூட்டில்லாத வெப்எம், ஓபஸ் வடிவங்களில் அனுப்பலாம். யூடியூப்பே அவ்வகை வடிவங்களைத்தான் பெரிதும் கையாள்கிறது. இவ்வாண்டு விழாவைக் கைப்பேசியில் படம்பிடிக்கப்போகும் நண்பர்களும், தொடங்கும்முன் காமிரா அமைப்பில் எச்.இ.வி.சி.யை அணைத்துவிட்டால், விடுதி அறைப் பெட்டியிலும் அந்த நாடகம் ஓடும்.