மாற்றுவது பழுதுபார்ப்பது ஆகாது

சன்னல் கண்ணாடி ஏறவில்லை என்று பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டு போகிறவர் செவியில் விழும் முதற்சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: "முழுதாக மாற்ற வேண்டும்." கதவின் உட்பலகை இன்னும் கழற்றப்படவில்லை, பியூஸ் பார்க்கப்படவில்லை, சுவிட்சின் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. ஆயினும் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. இதைத் தொழில் என்று அழைப்பது தொழிலுக்கே இழுக்கு.

இவ்வழக்கத்திற்குத் துணைநின்றது ஒரு நகைச்சுவை. நாட்டின் முதல் தேசியக் காராகிய புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளிவந்தது; 1993இல் வீரா வந்தது. தேசியக் கார் என்றாலே கண்ணாடி இறங்காத கார் என்னும் கேலி, பின்னாளில் நாடெங்கும் பழமொழி போலப் பரவியது. சாலைக் கட்டணச் சாவடியில் கதவைத் திறந்து கை நீட்டும் ஓட்டுநரைக் கண்டு சிரிக்காதவர் குறைவு. அக்கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சிரிப்பு ஆராய்ச்சிக்கு ஈடாகிவிட்டதே கேடு. "இந்த வண்டி இப்படித்தான்" என்று உரிமையாளரும் நம்பிவிட்டார், பட்டறைக்காரரும் நம்பவைத்துவிட்டார். அதற்குப் பிறகு காரணம் தேடுவார் எவர்?

மின்சன்னல் மாயப்பொருள் அன்று. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம், பியூசையும் ரிலேயையும் கடந்து, ஓட்டுநர் கதவிலுள்ள தலைமைச் சுவிட்சை அடைகிறது. அங்கிருந்து கம்பி வழியே ஒவ்வொரு கதவின் மோட்டாருக்கும் செல்கிறது. சுவிட்சை ஒரு பக்கம் அழுத்தினால் மோட்டார் ஒரு திசையிலும், மறுபக்கம் அழுத்தினால் எதிர்த்திசையிலும் சுழலும். அச்சுழற்சியை ரெகுலேட்டர் மேலும் கீழுமான அசைவாக்குகிறது. கண்ணாடி ரப்பர்த் தடத்தில் ஏறி இறங்குகிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரியும் குறி ஒன்றே: சன்னல் அசையாது. குறி ஒன்றாயினும் காரணம் பல. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நோயோடு நோயின் காரணத்தையும் ஆராயச் சொன்னது மனித உடலுக்கு மட்டுமா பொருந்தும்?

காரணத்தைக் காணும் வழி கடினமும் அன்று. நான்கு சன்னல்களும் ஒரே வேளையில் நின்றால், நான்கு மோட்டார்களும் ஒருங்கே மாண்டன என்று அறிவுடையார் நம்பார். பியூஸ், ரிலே, பொதுக்கம்பி, தலைமைச் சுவிட்ச் என்பவற்றையே முதலில் ஐயுற வேண்டும். பயணி சன்னல் ஓட்டுநரின் சுவிட்சுக்கு இணங்கித் தன் சுவிட்சுக்கு மறுத்தால், முதலில் பூட்டுப் பொத்தானைப் பார்க்க வேண்டும்; அடுத்து அச்சுவிட்சை. கதவை அசைத்தால் மட்டும் உயிர் பெறும் சன்னல், கதவுக்கும் கார் உடலுக்கும் நடுவே ரப்பர் உறைக்குள் செல்லும் கம்பி முறிந்திருப்பதைக் காட்டும். ஆண்டுக்கணக்கில் மடங்கி நிமிர்ந்த செம்பு அவ்விடத்தில்தான் இறும். மோட்டார் ஓசை எழுந்தும் கண்ணாடி அசையாவிட்டால், ரெகுலேட்டரின் கம்பிக்கயிறு அறுந்திருக்கும், அல்லது பற்சக்கரம் தேய்ந்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, உள்விளக்கை ஏற்றிவிட்டுச் சுவிட்சை அழுத்தும்போது ஒளி மங்கினால், மின்சாரம் மோட்டாரை எட்டுகிறது, அது சுழல முடியாமல் திணறுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மங்காவிட்டால் மின்வழியில்தான் அறுப்பு. கண்ணாடி மெல்ல மெல்ல ஏறினால், வெயிலில் காய்ந்து இறுகிய ரப்பர்த் தடமே குற்றவாளியாக இருக்கக் கூடும். அதைத் துடைத்துச் சிலிக்கோன் தெளிப்பான் அடித்தால் போதும். எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெடும்.

இச்சோதனைகளுக்கு வேண்டுவன ஒரு சோதனை விளக்கும், ஒரு திருப்புளியும், சற்றுப் பொறுமையும் மட்டுமே. காரணம் காணாமல் மோட்டாரை மாற்றியவர், உலர்ந்த தடத்தில் புது மோட்டாரையும் திணறவிடுகிறார். சில மாதங்களில் அதுவும் எரிகிறது. உரிமையாளர் மறுமுறை வெள்ளி எண்ணுகிறார். குற்றம் மட்டும் கதவுக்குள்ளேயே குடியிருக்கிறது.

பட்டறைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒரு மணி நேரம் தேடி, முறிந்த கம்பி ஒன்றைக் கண்டு இணைத்தவர் உரிய கூலி கேட்டால், "ஒரு கம்பிக்கா இவ்வளவு?" என்று முகம் சுளிக்கும் அதே உரிமையாளர், புதிய பெட்டியில் வந்த பாகத்திற்கு மறுபேச்சின்றிப் பணம் தருகிறார். பொருளுக்கு விலை உண்டு, அறிவுக்கு விலை இல்லை என்றால், அறிவை விற்க எவர் முன்வருவார்? ஆகவே இக்குற்றத்தில் பாதி, காரைக் கொண்டு வருகிறவரையே சாரும்.

இது சிறிய செய்தி என்று தள்ளுவோர் 2021 டிசம்பரை எண்ணிப் பார்க்கட்டும். ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் அமிழ்ந்தபோது வண்டிகளும் நீரில் மூழ்கின. நீர் சூழ்ந்த காரின் கதவை வெளிநீரின் அழுத்தம் திறக்கவிடாது. அந்நேரத்தில் உயிர்தப்பும் வழி சன்னல்தான். இறங்க மறுக்கும் சன்னல் அப்போது கேலிப்பொருள் ஆகாது. வெள்ளம் வடிந்த பின்னும் ஆபத்து தீர்வதில்லை. சுவிட்சுக்குள் புகுந்த சேறும் ஈரமும் அதன் தொடுமுனைகளை நாளடைவில் அரித்துத் தின்னும். அத்தகைய வண்டியில் மோட்டாரை மட்டும் மாற்றி அனுப்புவது, அறிந்து செய்தால் வஞ்சனை. அறியாமல் செய்தால் அறியாமை. இரண்டும் மன்னிக்கத் தக்கவை அல்ல.

பழைய காரை வைத்திருப்போர் ஆசையால் வைத்திருப்பவர் அல்லர். விடியுமுன் காப்பாரிலிருந்து தொழிற்சாலைக்குப் புறப்படுபவருக்கும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்கு விரைபவருக்கும் அவ்வண்டியே கால். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நகரத்திற்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பட்டறைகளில் தொழில் கற்றனர். அக்கைகளுக்குக் கழற்றி மாட்டுவதை மட்டும் கற்பித்தால் அவர்கள் என்றும் கூலிகளே. காரணம் தேடக் கற்பித்தால் வல்லுநர் ஆவர்.

ஆதலின் வேண்டுவன இரண்டு. பட்டறைக்காரர், பழுதின் காரணத்தைச் சீட்டில் எழுதி, கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளர் கையில் கொடுக்கட்டும். உரிமையாளர், தேடிய உழைப்புக்குத் தனியே கூலி கொடுக்கட்டும். இவ்விரண்டும் நிகழாத வரையில், கண்ணாடி ஏறவில்லை என்று நொந்துகொள்ளும் உரிமை இருவருக்குமே இல்லை.