கைப்பட்டையில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர்



இங்கே பிரிட்டனில் எங்கள் வார்டில் ரத்தம் ஏற்றும் முன் நோயாளியின் கைப்பட்டையைப் படிப்போம். பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண். பரிசோதனைக் குழாயில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ரத்த வங்கி ஏற்காது. மறுபடி ஊசி குத்தித்தான் எடுக்க வேண்டும். வருஷக்கணக்காக இதைச் செய்கிற நான், என் சொந்தப் பெயரை ஒருமுறைகூடச் சரிபார்த்ததில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் நாகர்கோவிலில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாளே ஆபரேஷன், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். ஊர்க் கணக்கில் என் பணம் இருந்தது. ஆனால் ஓ.டி.பி. பழைய இந்திய நம்பருக்குப் போனது. அந்த சிம் எப்போதோ செத்துப்போயிருந்தது. வங்கிக்கு மெயில் போட்டேன். கே.ஒய்.சி. புதுப்பிக்காததால் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. காகிதங்களை அனுப்பினேன். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பின. அடுத்த முறை கையெழுத்து பொருந்தவில்லை. மூன்றாம் முறை, நகலில் சான்றொப்பம் இல்லை. கணக்கு திறக்க ஏழு வாரம் ஆனது. அதற்குள் சித்தி தன் வளையல்களை அடகு வைத்து ஆபரேஷனை முடித்திருந்தார்கள்.

வங்கி மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு நாள் எல்லாக் காகிதத்தையும் மேஜையில் பரப்பினேன். பாஸ்புக்கில் முதலெழுத்தோடு என் பெயர். பான் கார்டில் அந்த முதலெழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயர். கல்யாணத்துக்குப் பின் எடுத்த பாஸ்போர்ட்டில் அப்பா போய் வீட்டுக்காரர் பெயர். ஞானஸ்நான சர்டிபிகேட்டில் வேறு ஒரு பெயரும் கூட. கையெழுத்தோ பதினெட்டு வயதில் தமிழில் போட்டது. இப்போது போடுவது ஆங்கிலக் கிறுக்கல். அங்கே உட்கார்ந்து பார்க்கிற கிளார்க்குக்கு நான்கு பெண்கள்தான் தெரிவார்கள். நானாக இருந்தாலும் அந்த ரத்தத்தை ஏற்றியிருக்க மாட்டேன்.

அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன்.

பெயர்: பாஸ்போர்ட்டை அளவுகோலாக வையுங்கள். பான் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் அதே எழுத்துகள், அதே வரிசை இருக்கும்படி திருத்தக் கேளுங்கள். திருத்த முடியாத பழைய காகிதத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, கல்யாண சர்டிபிகேட்டோடு வையுங்கள். கையெழுத்து மாறியிருந்தால் வங்கியில் புதிய மாதிரியைப் பதிவு செய்யுங்கள்.

கணக்கு: வேலைக்கு வந்தாலும் படிக்க வந்தாலும், ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இது இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. ஊர் வாடகை போன்ற வருமானம் அதில் விழும். அதன் வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடிப்பார்கள். இங்கே எச்.எம்.ஆர்.சி. தரும் வசிப்பிடச் சான்றிதழோடு உரிய படிவங்களைக் கொடுத்தால், இந்திய–பிரிட்டன் ஒப்பந்தப்படி 15 சதவீதமாகக் குறையும். இங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. பணத்தைத் திருப்பிக் கொண்டு வரவும் தடை இல்லை.

படிவம்: எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்று ஒரு தாள் கேட்கும். அவசரத்தில் 'இந்தியா மட்டும்' என்று டிக் போடாதீர்கள். அது நம் கையெழுத்தோடு போகிற பொய். இங்கே வரி கட்டுகிறவர்கள் இந்த நாட்டின் பெயரையும் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரையும் எழுத வேண்டும்.

சான்றொப்பம்: நாமே கையெழுத்துப் போட்ட நகலைத் தபாலில் அனுப்பினால் போதாது. நோட்டரி, இந்தியத் தூதரகம், இந்திய வங்கியின் இங்குள்ள கிளை ஆகியோர் சான்றளிக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

அதிகாரப் பத்திரம்: ஊரில் அண்ணனோ தம்பியோ உங்களுக்காக வங்கிக்குப் போக வேண்டுமானால், நோட்டரி முன் கையெழுத்திட்டு, பிரிட்டன் வெளியுறவு அலுவலகத்தில் அப்போஸ்டில் வாங்கலாம். இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எந்தக் கணக்கு, என்ன வேலை என்று குறிப்பாக எழுதுங்கள். எல்லா அதிகாரமும் கொடுத்துவிடாதீர்கள்.

இங்கேயே பிறந்த பிள்ளைகளே, இது அப்பா அம்மா பாடு என்று விட்டுவிடாதீர்கள். இந்தச் சனிக்கிழமை அவர்களோடு உட்கார்ந்து பாஸ்போர்ட், பான், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் எழுத்து எழுத்தாக வாசிக்க, ஒருவர் பார்க்கட்டும். வார்டில் நாங்கள் இரண்டு பேர் சரிபார்ப்பது போலத்தான். வங்கியில் இருக்கும் போன் நம்பர் உயிரோடு இருக்கிறதா, நாமினி யார் என்றும் கேளுங்கள்.

கணக்கு திறந்த அன்றே வளையல்களை மீட்கப் பணம் அனுப்பினேன். அதுவரை வீடியோ காலில் சித்தி கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.