கடற்குதிரையும் கடற்புல்லும்



விடுமுறைக்கு ஊர் சென்றபோது உங்களுள் சிலர் இராமேசுவரத்தையும் கண்டிருப்பீர்கள். பாம்பன் பாலத்தின்மேல் நின்றால் வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் தெரியும். அவற்றின் ஆழமற்ற பகுதிகளில் நீருக்கடியில் புல்வெளிகள் பரந்துள்ளன. அவை பாசிகள் அல்ல. வேரும் இலையும் பூவும் உடைய கடற்புற்கள். அங்கு வாழும் சிறு மீன்களுள் ஒன்றே கடற்குதிரை.

குதிரை முகமும் சுருளும் வாலும் கொண்ட இதனை மீன் என்று கூறினால் பலர் வியப்பர். ஆயினும் இது செவுள்களால் மூச்சுவிட்டுத் துடுப்புகளால் நீந்தும் மீனே. செதில்களுக்கு மாறாக எலும்புத் தகடுகள் இதன் உடலைக் காக்கின்றன. பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப்பையில் ஏற்றுச் சுமந்து, குஞ்சுகளை வெளிவிடும். கடற்குதிரையால் விரைந்து நீந்த இயலாது. எனவே நீரோட்டம் அடித்துச் செல்லாதவாறு வாலால் புல்லைப் பற்றிக்கொண்டு, அருகே வரும் சிற்றுயிர்களைக் குழல் போன்ற வாயால் உறிஞ்சி உண்ணும்.

உலர்ந்த கடற்குதிரைகளைச் சீன மருத்துவத்திற்காக வாங்குவோர் உளர். அவ்வணிகத்தைத் தடுக்க, 2001ஆம் ஆண்டில் நம் நாடு இதனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு உரிய பாதுகாப்பு இச்சிறு மீனுக்கும் கிடைத்தது.

இச்சட்டம் தேவையானதே. ஆனால், இது மட்டுமே போதும் என்பதை நான் ஏற்கவில்லை. கடற்குதிரையைத் தேடாதவர் வலையிலும் அது சிக்குகிறது. விசைப்படகின் இழுவலை கடலடியை வாரிச் செல்லும்போது, இறாலோடு கடற்குதிரையும் அது பற்றியிருந்த புல்லும் சேர்ந்தே வருகின்றன. மீனைப் பிடிக்காதே என்று கூறிவிட்டுப் புல்லை அழியவிடுவது, பறவையைக் காப்போம் என்று கூறிக்கொண்டே மரத்தை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

'மீனவர் பிழைப்பு என்னாவது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் வளர்வதும் அப்புல்வெளியில்தான். புல் அழிந்தால் நாட்டுப்படகு மீனவரின் வலையே முதலில் வெறுமையாகும். கரையை ஒட்டிய பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடித்தலாகாது என்று, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் முன்னரே கூறியுள்ளது. அதனை உறுதியாகச் செயற்படுத்தினாலே பெரும்பயன் விளையும். இழுவலையைக் கைவிட முன்வருவோர்க்கு அரசு மாற்று வழியும் உதவியும் அளித்தல் வேண்டும். கடனில் படகு வாங்கியவரைத் தண்டித்தால் மட்டும் கடல் செழிக்காது.

கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதனை எழுதுகிறேன். நீங்களும் தொலைவில் இருந்தே படிக்கிறீர்கள். எனினும் நம்மால் இயல்வது ஒன்றுண்டு. எக்கரையிலாயினும் உலர்ந்த கடற்குதிரையை எவரேனும் அழகுப்பொருளாக நீட்டினால், வேண்டா என்று மறுத்துவிடுங்கள். அது ஏன் என்பதையும் உடன் இருப்போர்க்கு எடுத்துரையுங்கள்.

சிந்தித்து எழுதுக: ஓர் உயிரைக் காப்பதற்கு அதன் வாழிடத்தையும் காக்க வேண்டும் என்னும் கருத்தோடு நீங்கள் உடன்படுகிறீர்களா? நீங்கள் வாழும் ஊரிலிருந்து ஒரு சான்று காட்டிப் பத்து வரிகளில் எழுதுக.