மூடிய அறைக்குள் ஓர் இசைக்கூடம்

“பங்கின் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் என் மகன், கணிப்பொறியிலேயே இசைப்பதிவு செய்யப்போவதாகக் கூறி, ஒலிவாங்கியும் ஏதோ ஒரு பெட்டியும் கேட்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் உள்ளேயே இருக்கிறான். இது வீண் செலவா, பயனுள்ள பயிற்சியா?” என்று ஒரு தந்தை அண்மையில் என்னிடம் கேட்டார். பல இல்லங்களில் எழக்கூடிய கேள்வி இது. ஆதலால் விடையைச் சற்று விரிவாகவே காண்போம்.

வீட்டில் இசைப்பதிவு செய்வது புதியதன்று. அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் 1940-களில் ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார் கொட்டகையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். முதலில் ஒரு பகுதியை வாசித்து இசைத்தட்டில் பதிவார். அத்தட்டை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து அடுத்த பகுதியை வாசிப்பார். இரண்டும் கலந்து வேறொரு தட்டில் பதிவாகும். இவ்வாறு எட்டுக் கிதார்ப் பகுதிகள் ஒருங்கே ஒலிக்கும் ‘லவ்வர்’ என்னும் இசைத்தட்டு 1948-இல் வெளிவந்தது. வாசித்தவரோ அவர் ஒருவரே! இடையில் ஒரு விரல் தவறினால், அத்தட்டை எறிந்துவிட்டு அவ்வடுக்கைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் வாசிக்கவேண்டும். ஒருமுறை கலந்துவிட்ட ஒலிகளைப் பின்னர்ப் பிரிக்கவும் இயலாது.

இன்று அத்தொல்லை இல்லை. ஒலிவாங்கி, காற்றின் அதிர்வை மின் அலையாக மாற்றுகிறது. அம்மகன் கேட்ட பெட்டி, அந்த அலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து, எண்களாக்கிக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. மனிதச் செவிக்கு எட்டும் மிக உயர்ந்த ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் கொண்டது. அதன் இரு மடங்கிற்கு மேல் அளந்தால்தான் அவ்வொலி பழுதின்றித் திரும்பக் கிடைக்கும். இத்தனை முறை அளப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிதாருக்கு ஒரு தடம், குரலுக்கு ஒரு தடம் என ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்பதால், பிழையான இடத்தை மட்டும் நீக்கி மீண்டும் வாசிக்கலாம். இதற்கான மென்பொருளுக்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆடாசிட்டி’ இலவசமாகவே கிடைக்கிறது. தொடக்க நிலையில் இருப்போருக்கு அதுவே போதும்.

ஆயினும் கணிப்பொறியால் ஆகாதவையும் உண்டு. சுருதி சேராத தந்தியை அது கேட்டபடியே பதியும். வெறுஞ்சுவர்களிடையே எழும் எதிரொலியையும் விடாது; மெத்தையும் துணிமணிகளும் நிறைந்த படுக்கையறையே இதற்கு உகந்தது. ஒலிவாங்கியைக் கிதாரின் நடுத்துளைக்கு நேராக வைத்தால் ஒலி வெறும் முழக்கமாகிவிடும். கழுத்தும் உடற்பகுதியும் சேரும் இடத்தை நோக்கி, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தொலைவில் வைப்பது நலம். முன்னர்ப் பதிந்த தடத்தைக் காதணி ஒலிபெருக்கியில் கேட்டபடியே அடுத்ததை வாசிக்கவேண்டும். இல்லையேல் பழைய ஒலியும் ஒலிவாங்கியில் புகுந்துவிடும். முடிந்ததும் வேறோர் இடத்திலும் ஒரு படி எடுத்து வைக்கவேண்டும். பழுதாகாத இயந்திரம் எதுவுமில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, அமைதி வேண்டும். மின்விசிறியை நிறுத்தவேண்டும். அடுக்களையில் குக்கர் கூவக்கூடாது. கூடத்தில் தொலைக்காட்சி ஓயவேண்டும். மூன்று நிமிடப் பாடலுக்காக வீடு முழுவதும் வாய் மூடியிருக்கவேண்டும். ஆகவே கதவு மூடியிருந்தாலும், அப்பதிவில் குடும்பத்தார் அனைவருக்கும் பங்குண்டு.

பிழையை எளிதில் திருத்தலாம் என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. “தவறினால் என்ன, பிறகு ஒட்டிக்கொள்ளலாம்” என்னும் எண்ணம் வந்துவிட்டால், விரல்கள் பயிற்சியை மறக்கும். ஒரே அடியை நாற்பது முறை பதிந்தும் பாட்டு முடிவுறாது. எனவே அந்தத் தந்தைக்கு நான் கூறியது இது: “மகனை ஒரு பாட்டை முதலிலிருந்து இறுதிவரை தாளம் பிசகாமல் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவ்வாறு வாசித்தால், தயங்காமல் எளிய கருவிகளை வாங்கிக் கொடுங்கள். வாசிக்க இயலாவிட்டால், கருவியை மறுப்பதைவிட, இன்னும் சில மாதங்கள் பயிற்சி செய்ய ஊக்குவியுங்கள்.”

மற்றொன்றும் கூறினேன். “முதற்பதிவின்போது நீங்களும் உள்ளே சென்று அமருங்கள். உங்கள் தாயார் பாடிய தாலாட்டு நினைவிருந்தால், அவன் வாசிக்க நீங்கள் பாடுங்கள்.” அவர் சிரித்தார். “என் குரலா? அம்மாவின் குரலையல்லவா பதிந்திருக்கவேண்டும்! அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆயின” என்றார். பிறகு சிறிது நேரம் அவர் பேசவில்லை.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் இத்தகைய மூடிய கதவு ஒன்று இருக்கலாம். அதைத் தட்டி, “என்ன செய்கிறாய்?” என்று அதட்டுவது எளிது. “எனக்கும் ஒரு தடம் உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். கதவு தானே திறக்கும்.