சாகச விளையாட்டுக்களும் மனவடக்கமும்

உயிருக்கு அபாயம் உண்டென்று அறிந்தும் மனிதர் விரும்பி ஈடுபடும் விளையாட்டுக்கள் சில உள. அவற்றுள் எது மிகக் கடினமானது என்னும் வாதம் வாலிபர் கூடுமிடங்களில் அடிக்கடி எழுவதுண்டு. அவ்வாதம் பெரும்பாலும் தோள்வலியையும் துணிவையும் புகழ்ந்து முடிந்துவிடுகின்றது. அவ்விரண்டினும் அரிய குணம் ஒன்று உண்டு; அதுவே தக்க வேளையில் நிறுத்திக்கொள்ளும் ஆற்றல்.

கோயமுத்தூருக்கு அணித்தாயுள்ள செட்டிபாளையம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற ஊராகும். கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தடம் அங்கே உளது. அண்மைக் காலமாக ஜல்லிக்கட்டும் அவ்வூரில் நடைபெற்று வருகின்றது. நகரின் மேற்கிலோ வெள்ளியங்கிரி மலை நிற்கின்றது. வேகம், வீரம், ஏற்றம் ஆகிய மூன்றையும் நம் நாட்டார் அயலிலேயே காணலாம்.

முதலில் மோட்டார்ப் பந்தயத்தை நோக்குவோம். அமர்ந்தபடியே ஓட்டுபவனுக்குத் தேகப் பிரயாசை யாது என்று வினவுவார் பலர். பார்முலா ஒன் வண்டி பெருவேகத்தில் வளைவிற் புகும்போது, தலையும் தலைக்கவசமும் தம் எடையினும் நான்கைந்து மடங்கு கனத்துக் கழுத்தை இழுக்கும். வெப்பம் மிக்க நாட்களில் இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாய்க் கழிதலும் உண்டு. இத்தனைக்கும் இடையே, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கவனம் ஒரு கணமும் சிதறலாகாது. 2005இல் ஜோர்டன் அணியில் ஓட்டி, இந்தியாவின் முதல் பார்முலா ஒன் வீரர் எனப் பெயர்பெற்ற நம் கோவை நரேன் கார்த்திகேயன் இப்பாரத்தைத் தாங்கியவர்.

ஜல்லிக்கட்டின் இயல்பு வேறு. அதன் சோதனை சில வினாடிகளில் முடிவது. திமிலைப் பற்றி மூன்று துள்ளல் வரை விடாதிருக்க, உடலின் முழு வலியும் ஒருங்கே வெளிப்படல் வேண்டும். காளை எப்பக்கம் திரும்பும் என்பதை அது திரும்புமுன்னரே மனம் உணர்தல் வேண்டும்.

இவ்விரண்டிலும் ஆடுபவனைத் தடுத்து நிறுத்தப் பிறர் உளர். பந்தயத் தடத்திற் கொடி அசைப்போர் உளர். 2005இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில், டயர்களின் அபாயம் கருதிப் பதினான்கு வண்டிகளை அவற்றின் அணிகளே விலக்கிக்கொண்டன. எஞ்சிய ஆறு வண்டிகளே ஓடின. அதில் நரேன் நான்காமிடம் பெற்றார். ஜல்லிக்கட்டிலும் வைத்தியர் சோதித்த பின்னரே வீரர் களத்தில் விடப்படுகின்றனர்.

மலையேற்றத்திலோ கொடியசைப்பார் இலர். எவரெஸ்ட் சிகரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. பிராணவாயுக் குறைவால் கால் தளர்வது மட்டுமன்று, அறிவும் மங்குகின்றது. நிறுத்துக என்று தீர்ப்புரைக்க வேண்டிய நீதிபதியே மயங்கிக் கிடக்கும் நிலை அது. ஆதலின் இம்மூன்றனுள் மனத்தை மிகச் சோதிப்பது மலையேற்றமே என்பது எமது துணிபு.

யோரன் க்ரோப் என்னும் வீரர் 1995 அக்டோபரில் சுவீடனிலிருந்து மிதிவண்டியிற் புறப்பட்டு இமயத்தை அடைந்தார். 1996 மே மாதத் தொடக்கத்தில், செயற்கைப் பிராணவாயு இன்றி ஏறி, உச்சிக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் கீழே நின்றவர், பொழுது கடந்தமை கண்டு திரும்பினார். சில நாட்களுக்குப் பின், மே 10ஆம் நாள், பிற்பகல் இரண்டு மணி கடந்தும் வேறு பலர் உச்சி நோக்கி ஏறினர்; புயல் சூழ்ந்தது; அம்மலையில் எண்மர் மாண்டனர். க்ரோப்போ மே 23இல் மீண்டும் ஏறி உச்சியை அடைந்தார். திரும்பியவரைக் கோழை என்பார் உளரோ?

இது தொலைதேசத்துக் கதையன்று. வெள்ளியங்கிரி ஏற்றம் விளையாட்டன்று, யாத்திரையே. ஆயினும் இதயமும் நுரையீரலும் அவ்வேறுபாட்டை அறியா. 2024ஆம் ஆண்டின் ஏற்றப் பருவத்தில் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் கண்டு அம்மலையில் மாண்டோர் பலர். ஏழாம் மலையைக் காணாது திரும்புதல் இழுக்கு என்னும் எண்ணமே ஆபத்தானது. நெஞ்சு வலித்தால் மூன்றாம் மலையிலேயே திரும்புக. மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். ஏறுமுன் வைத்தியரிடம் உடலைக் காட்டுதலும், துணையின்றி ஏறாதிருத்தலும் கடமைகளாம். பொதுச்சாலையில் மோட்டார் சைக்கிளைப் பந்தயமாய் ஓட்டும் வாலிபர்க்கும் இதுவே சொல்லத்தக்கது: அங்கே கொடியும் இல்லை, வைத்தியரும் இல்லை, தம்மோடு பிறர் உயிரும் பணயமாகின்றது.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. கல்லூரிகளில் சாகசக் கழகங்களை நடத்துவோர், ஏறக் கற்பிக்குமுன் திரும்பக் கற்பிப்பாராக. உச்சியை எட்டியவனுக்குப் பரிசளிக்கும் நாம், தக்க வேளையில் திரும்பித் தோழரையும் பத்திரமாய் இறக்கிவந்தவனுக்கும் ஒரு பரிசு வைத்தல் நன்று.